ஆறுக்கு ஆறரைக் கட்டில்

வாங்க, வாங்க. செருப்பை உள்ளயே விட்டுடுங்க. வெளிய விட்டா அசோசியேஷன்ல லெட்டர் போடுவாங்க. அந்த வராண்டா எல்லாருக்கும் பொதுவாம். பொதுன்னா இங்க யாருக்கும் இல்லன்னு அர்த்தம். உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், ஃபேன் காத்து வராது. ஆரணிலேர்ந்து பஸ்ஸா? வைகாசி வெயில்ல இவ்ளோ தூரம்! தண்ணி குடிங்க மொதல்ல. கேன் தண்ணிதான், பயப்படாதீங்க.

பொண்ணுக்குச் சித்தின்னு போன்ல சொன்னீங்க. பொண்ணோட அப்பா அம்மா வர்றதுக்கு முன்னாடி நீ போயி வீட்டைப் பாத்துட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. தப்பே இல்ல. பொண்ணு குடுக்கறவங்க மாப்பிள்ளை வீடு பாக்கத்தான் செய்வாங்க. நானும் ஒளிச்சு மறைச்சுப் பேசற ஆளு இல்ல. தனபாக்கியம்னா இந்த பிளாட்ல எல்லாருக்கும் தெரியும், உள்ளதை உள்ளபடி மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுவேன். அதனாலயே ஒருத்தரும் என்கிட்டப் பேசறதில்ல.

இதான் ஹால். அது கிச்சன். இந்தாண்ட பாத்ரூம், நம்மூர்க் கக்கூஸ். அந்த மூடியிருக்கே, அது பெட்ரூம். அதைக் கடைசில காட்டறேன்.

ஒரே பெட்ரூம்தான். மெட்ராஸ்ல சொந்தமா ஒரு பெட்ரூம் வெச்சிருக்கறதே பெரிய விஷயம்ங்க. பத்திரத்துல ஐநூத்தி அறுபது சதுர அடின்னு போட்டிருக்கும். அதுல படிக்கட்டு, லிப்டு, மொட்டைமாடில தண்ணித்தொட்டி நிக்கற இடம், எல்லாத்துலயும் நம்ம பங்கைச் சேத்துட்டான் கட்டினவன். நாம காலு வெச்சு நடக்கறது நானூத்திச் சொச்சம். மீதி நூத்திச் சொச்சம் அடில நான் என்னிக்காவது போயி தண்ணித்தொட்டி மேல பாய் விரிச்சுப் படுக்கலாம்.

ஆனா ஊரைக் குறை சொல்லமாட்டேன். சொல்றேன், ஆனா சொல்லமாட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தப்ப பன்னெண்டு நிமிஷத்துல ஆஸ்பத்திரி. அவரு பொழைக்கல, அது வேற. ஆனா பன்னெண்டு நிமிஷம்! உங்க ஊர்ல நடக்குமா? கொத்தமல்லி ஒரு கட்டு வேணும்னா போனை அழுத்தினா கதவைத் தட்றான். ரெண்டு வார்த்தை பேச ஆளு வேணும்னா எதை அழுத்தறதுன்னுதான் தெரியல. இந்த ஊரு எல்லாம் குடுக்குதுங்க. இடம் மட்டும் குடுக்காது.

தயாளன் என் ஒரே புள்ள. தயான்னு கூப்பிடுவேன். கம்ப்யூட்டர் கம்பெனி. குடி கிடையாது, சிகரெட்டு கிடையாது, எதுத்து ஒரு வார்த்தை கிடையாது. வயசு முப்பத்தேழுன்னு போட்டிருந்தோமே, ஏன் இவ்ளோ லேட்டுன்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். சொந்த வீடு இல்லாம பொண்ணு கேக்கப் போனா வாசல்லயே நிக்க வெச்சுப் பேசற ஊரு இது. வீடு வாங்கட்டும்னு இருந்தேன். வாங்கினான். லோன் முடியட்டும்னு இருந்தேன். முடிச்சான். நிமிந்து பாத்தா தலை நரைச்சிருக்கு அவனுக்கு. இந்த சோபாவைப் பாருங்க, இழுத்தா பெட்டாயிடும். இந்த வீடு வாங்கின நாள்லேர்ந்து அவன் இதுலதான் படுத்தான். பெட்ரூம்ல நானும் அவங்கப்பாவும். அவரு போனப்புறம் நான். ஒரு நாளு முகம் சுளிச்சதில்ல. இந்தக் காலத்துல எவன் இருப்பான் அப்படி?

போன வருஷம் ஒரு இடம் வந்துச்சு. யாராவது உங்ககிட்ட வேற மாதிரி சொல்றதுக்கு முன்னாடி என் வாயாலயே கேட்டுக்கோங்க. பொண்ணு பேரு சுகந்தி. திண்டிவனம். இங்க ஒரு ஆஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை, வேளச்சேரில லேடீஸ் ஹாஸ்டல். கறுப்புன்னாலும் களையா இருப்பா. அப்பா ஏகாம்பரம், மரக்கடைல மேஸ்திரி. ஐப்பசில நிச்சயம் பண்ணினோம். தை பதினொண்ணு கல்யாணம்னு மண்டபமும் பாத்தாச்சு.

நிச்சயத்துக்கு முன்னாடி வீடு பாக்க வந்தாங்கல்ல, நீங்க இப்ப உக்காந்திருக்கற இடத்துலதான் அவங்கம்மா உக்காந்தாங்க. எல்லாத்தையும் பாத்துட்டு, நல்ல காத்தோட்டம்னுட்டு, கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி. "சின்னஞ்சிறுசுங்க எங்க படுக்கும்?" காபி டம்ளரை கையில வெச்சுக்கிட்டு கேக்கற கேள்வியா அது? எனக்குக் கூசிப்போச்சு. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லிட்டேன்.

பாத்துக்கவும் செஞ்சேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. அதோ சுவத்துல கொக்கி தெரியுதா? இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கம்பி அடிச்சு, பாண்டி பஜாருக்கு நானே போயி, முட்டி வலியோட, பச்சைல ஜரிகை மாதிரி கோடு போட்ட திரைத்துணி வாங்கிட்டு வந்து தெச்சு மாட்டினேன். இழுத்து விட்டா பாதி ஹால் தனி ரூமு. சோபா பெட்டு உள்ள வந்துடும். ஜன்னலும் உள்ளயே வந்துடும். கிச்சனுக்குப் போகணும்னா மட்டும் நான் அதுக்குள்ள புகுந்து போகணும், அதுகூட விடியக்காலைல பால் காய்ச்சறதுக்குத்தான். எவ்ளோ யோசிச்சுப் பண்ணினேன்!

பெட்ரூமைக் குடுத்திருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறீங்க. எல்லாரும் அதான் நெனைச்சாங்க. பெட்ரூம் கூட இருக்கற பாத்ரூம்லதான் உக்கார்ற வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு. எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு. ராத்திரி நாலு தடவை எந்திரிக்கறவ. அந்தக் கட்டில்லதான் அவரு கடைசியாப் படுத்திருந்தாரு. நான் எங்கங்க போவேன்? சொல்லுங்க.

தயாகிட்டக் காட்டினேன் திரையை. பாத்தான். ஒண்ணும் சொல்லல. அவன் எப்பவும் ஒண்ணும் சொல்லமாட்டான், அதான் அவன்கிட்ட நல்ல குணம். அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தான். அவ திரையைப் பாத்தா, தொட்டுப் பாத்தா, நல்லாருக்குன்னா. அப்புறம் என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு மெதுவாச் சொல்றா: "எட்டு வருஷமா நாலு பேரோட ஒரே ரூம்ல இருக்கேன் அத்தை. பெருசா ஒண்ணும் வேணாம். கதவு இருக்கற ரூம் ஒண்ணு போதும்."

எவ்ளோ திமிரு பாருங்க! கல்யாணத்துக்கு முன்னாடியே கதவைப் போட்டுக்கணும்னு நெனைக்கறா. யாரை வெளிய நிறுத்த? என்னைத்தானே?

காபி போடறேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். பதில் சொல்லியிருந்தா விஷயம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

கார்த்திகை கடைசில ஒரு காலைல கீழ வாட்ச்மேன் கத்தறான், "அம்மா, உங்களுக்கு வண்டி வந்திருக்கு"ன்னு. எட்டிப் பாத்தா லாரி. கட்டில். மார்கழில சீர் சாமான் அனுப்பக்கூடாதாம், அதனால முன்னாடியே அனுப்பிட்டாரு ஏகாம்பரம். ஒரு வார்த்தை கேக்கல. அவரு கடைலயே நல்ல மரமாப் பொறுக்கி எடுத்து, பக்கத்துல நின்னு செய்ய வெச்ச தேக்குக் கட்டிலாம். ஆறுக்கு ஆறரை. தலைமாட்டுப் பலகைல ரெண்டு கிளி, ஒண்ணைப் பாத்து ஒண்ணு. அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஆறுக்கு ஆறரை! பெட்ரூமே பத்துக்குப் பத்து. அதுல என் கட்டிலு, என் பீரோ, அவரு சாய்வு நாற்காலி. இதை எங்க போடறது, என் தலை மேலயா?

லிப்டுல நுழையல. நாலு பேர் லிப்டுல நாலு ஒல்லியானவங்கதான் நிக்கமுடியும். படிக்கட்டுல தூக்கினாங்க. மொத மாடி திருப்பத்துல பலகை சுவத்துல இடிச்சு ஒரு கிளியோட மூக்கு உடைஞ்சு விழுந்துச்சு. இடது பக்கத்துக் கிளி. என் கண்ணு முன்னாடிதான் விழுந்துச்சு. அபசகுனம் மாதிரி சுருக்குன்னுச்சு எனக்கு. "வேணாம்ப்பா, போவாது, கீழ எறக்கு"ன்னேன். "இன்னும் பத்து படிதான்மா, ஏத்திடறோம்"னான் அந்த ஆளு. "ஏத்தி எங்க வெப்ப? எறக்குடா"ன்னேன்.

எறக்கிட்டாங்க. கார் நிறுத்தற இடத்துல, தூண் ஓரமா, பாலிதீன் சுத்தி நின்னுச்சு. மார்கழி முப்பது நாளும் நின்னுச்சு. அசோசியேஷன் செக்ரட்டரி வின்சென்ட்டு சாரு தினம் வந்து பெல் அடிப்பாரு. "மேடம், உங்களுக்குக் காரே இல்ல, பார்க்கிங்கும் வாங்கல, கட்டிலுக்கு மட்டும் எங்கேர்ந்து மேடம் இடம்?" கேக்கறாரு பாருங்க! மலையாளத்துச் சேட்டன் ஒருத்தரு அது மேல கார் கவரைக் காயப் போட்டாரு. புள்ளைங்க அதுக்குள்ள பூந்து வீடு கட்டி வெளையாடுச்சுங்க. கோலம் போடக் கீழ எறங்கறப்பல்லாம் அது என்னையே பாக்கற மாதிரி இருக்கும்.

ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன். மரியாதையாத்தான் பேசினேன். "கட்டிலைத் திருப்பி எடுத்துக்கோங்க, வேணும்னா பதிலுக்கு ஒரு வாஷிங் மெஷின் குடுங்க"ன்னேன். இதுல என்ன தப்பு?  அதுக்கு மனுஷன், "குடுத்த சீரைத் திருப்பி வாங்கறது எங்க வழக்கத்துல இல்லம்மா. கட்டில் வாசலைத் தாண்டி வந்தாச்சுன்னா பொண்ணு வந்த மாதிரி. அது திரும்பினா பொண்ணும் வராது"ன்னாரு. "அப்ப வேணாம்"னு வெச்சுட்டேன். கோவத்துல சொல்றதுதான். ஒரு வார்த்தை தாழ்ந்து கேட்டிருந்தா நானும் எறங்கி வந்திருப்பேன். யாரும் கேக்கல. கல்யாணம் நின்னுபோச்சு.

 தை ரெண்டாந்தேதி தயா ஒரு குட்டி யானை லோடு வண்டியைக் கூட்டிட்டு வந்து, அவனே ஒரு கை புடிச்சு, கட்டிலை ஏத்தினான். "திண்டிவனத்துக்கு அனுப்பிடறேம்மா"ன்னான். நான் பால்கனில நின்னு பாத்தேன். நம்ம தெரு முனைல வலது பக்கம் திரும்பினா ஜிஎஸ்டி ரோடு, திண்டிவனம். வண்டி இடது பக்கம் திரும்புச்சு. அது வேளச்சேரி ரோடு. டீசல் போடப் போறான் போலன்னு நெனைச்சேன்.

தை பதினொண்ணு. கல்யாணம் நடக்கவேண்டிய நாளு. காலைலயே தலைக்குக் குளிச்சான். பட்டு வேட்டி கட்டினான். கோயிலுக்குப் போயிட்டு வரேம்மான்னான். பாவம், மனசு கஷ்டத்துல போறான்னு விட்டுட்டேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து என் கால்ல விழுந்தான். எந்திரிக்கவே இல்ல. "ஆசீர்வாதம் பண்ணும்மா"ன்னான். "நல்லா இருடா, உனக்கு இதைவிட நல்ல பொண்ணாப் பாக்கறேன்"னேன். அவன் கண்ணு கலங்கிடுச்சு. அம்மா மேல அவ்ளோ பாசம்.

அன்னிக்குலேர்ந்து கம்பெனில நைட் ஷிப்டு போட்டுட்டாங்க. அவங்க கெஸ்ட் ஹவுஸ்லதான் தங்கறான். ஞாயித்துக்கிழமை தவறாம வருவான். என் மாத்திரையெல்லாம் டப்பால நாள்வாரியாப் போட்டு வெச்சுட்டுப் போவான். குழம்பு, கூட்டு எல்லாம் தூக்குல கொண்டு வருவான். அந்த கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரருக்கு நல்ல கைப்பக்குவம்ங்க. எனக்கு பிரஷர், உப்பு கம்மியாப் போடணும்னு தனியா எடுத்து வெச்சுச் செய்யறாரு. பெத்த புள்ளைக்கே தோணாது அதெல்லாம்.

அவனைப் பாக்கணுமா? போட்டோ என்ன போட்டோ, இருங்க, வீடியோவே போடறேன். பகல்ல தூங்கி இந்நேரம் எந்திரிச்சிருப்பான். நீங்க இப்படி என் பக்கத்துல வாங்க. அடிக்குது... எடுத்துட்டான். தயா! சாப்ட்டியாப்பா? இங்க பாரு, ஆரணிலேர்ந்து வந்திருக்காங்க, பொண்ணுக்குச் சித்தி. வணக்கம் சொல்லு. ஏன் எந்திரிக்கற? உக்காரு, மூஞ்சி தெரியல. என்னது? "எத்தனை தடவைம்மா சொல்ல வர்றது"ன்னா என்னடா அர்த்தம்? பெரியவங்க முன்னாடி... ஹலோ? தயா?

கட்டாயிடுச்சு. அங்க சிக்னல் அப்படித்தான்.

பாத்தீங்கல்ல? அப்படியே அவங்கப்பா நெத்தி. என்ன? கட்டிலா? அது கெஸ்ட் ஹவுஸ்துங்க. ஆமா, கிளி போட்டிருக்கு. கிளி எல்லாரும்தான் போடறாங்க.

மூக்கா.

ஆமா. இடது பக்கத்துக் கிளிக்கு மூக்கு இல்ல.

காபி ஆறிப்போச்சே, குடுங்க, சூடு பண்ணித் தரேன். ஏன் பையை எடுக்கறீங்க? உக்காருங்க. கோச்சுக்காதீங்க. தப்புதான், உங்களை இவ்ளோ தூரம் வரவெச்சது தப்புதான். எனக்கும் கண்ணு இருக்கு. மாசி மாசமே இந்த போன்ல அந்தக் கிளியைப் பாத்துட்டேன். அவனும் ரெண்டு தடவை சொல்ல வந்தான். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்"னு எந்திரிச்சுப் போயிட்டேன். கேட்டுட்டா நடந்தது நடந்ததாயிடும்ல? பொண்ணு பாத்துக்கிட்டே இருந்தா இன்னும் நடக்கலைன்னு இருக்கலாம். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அதுக்கு முன்னாடி செய்யாறுலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டேன்.

எல்லாம் இந்த ஊரு பண்ற வேலைங்க. இன்னொரு பத்துக்குப் பத்து இருந்திருந்தா என் புள்ள என்கூட இருந்திருப்பான். நான் யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்கல.

போகலாம், போகலாம். பெட்ரூம் பாக்காம போறீங்களே. அதுக்குத்தானே வந்தீங்க. வாங்க, ஒரு நிமிஷம்.

பாருங்க. காலி. என் கட்டிலைப் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டேன். பீரோவையும் அவரு நாற்காலியையும் ஹால்ல அந்த மூலைல தள்ளிட்டேன், நீங்க கவனிக்கல. நான் இப்ப சோபா பெட்டுலதான் படுக்கறேன், திரைக்குப் பின்னாடி. இல்ல, திரையைக் கழட்டிட்டேன், யார் பாக்கப் போறா? இந்த வெஸ்டர்னை நான் இப்பத் தொடறதில்ல. வெளிய இருக்கறதுலதான் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சமாளிக்கறேன். முட்டி வலிக்குது. வலிச்சா வலிக்கட்டும்.

கீழ பாத்து வாங்க, மிதிச்சுடாதீங்க. சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கேன். ஆறுக்கு ஆறரை. டேப்பு வெச்சு அளந்துதான் போட்டேன். தாராளமா வருது பாருங்க. கோட்டுக்கு அந்தாண்ட ஒரு பீரோவுக்கும் இடம் இருக்கு. ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் எறங்கலாம். வீடு பெருக்கறப்பல்லாம் அழிஞ்சுடுது, திரும்பப் போடறேன்.

நான் கூப்பிடமாட்டேன். நான் ஏங்க கூப்பிடணும்? பெரியவ நானு. வந்தா வரட்டும். வந்தா ஒண்ணும் சொல்லமாட்டேன்.

கதவு பழைய கதவுதான், ஆனா தாழ்ப்பாள் புதுசு. போன வாரம் ஆளை வெச்சுப் போட்டேன். உள்பக்கம். ஒரு உபகாரம் பண்ணுங்க. நான் வெளிய நிக்கறேன், நீங்க உள்ளேர்ந்து சாத்திப் போட்டுப் பாருங்க. நான் இதுவரைக்கும் போட்டுப் பாக்கல, தனியா இருக்கறவ, உள்ள மாட்டிக்கிட்டா கேக்க ஆளில்ல. சாத்துங்க. நல்லா இழுத்துச் சாத்துங்க.

விழுந்துச்சா?

சரி. மெதுவாத் தொறங்க, அவசரமில்ல. நான் ஹால்லதான் இருக்கேன்.